153 நாள் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் தமிழ்க் கடை ஒன்றில் அரிசி மூட்டை வாங்கியபோது சும்மா கொடுத்தது, பிள்ளையார் படம் போட்டது. அதில் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பேன். ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று. போன வருடம் பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஜெயில்ல இருக்கிறவங்கதான் இப்படிப் போடுவாங்க" என்றான். ஏதோ கார்ட்டூனில் பார்த்திருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடுகள்தான் என் மருத்துவக் காப்பீடு என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

ஒன்டாரியோ மாகாணத்தின் காப்பீட்டை எல்லோரும் ஓஹிப் என்பார்கள். அது நம் கையில் இருக்க வேண்டுமானால், எந்த 12 மாதத்தை எடுத்துக்கொண்டாலும் 153 நாளாவது உடம்பு இந்த மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். காசு கட்டத் தேவையில்லை, ஆள் இருந்தால் போதும். புதிதாகக் குடியேறியவர்களுக்கு முதல் 183 நாளிலேயே 153 நாள் இருந்தாக வேண்டும். அதாவது வந்த சூட்டோடு ஊருக்குத் திரும்பி ஓடக்கூடாது.

நான் கருவூலத் துறையில் வேலை பார்த்து 2010இல் ஓய்வுபெற்றவன். கடைசிப் பல வருடம் கும்பகோணத்தில். ஓய்வூதியர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பதே அங்கே வருடத்தில் மூன்று மாத வேலை. ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல். பெஞ்சு நிறைய வயசாளிகள், கையில் ஓய்வூதியப் புத்தகத்தோடும் மோர் பாட்டிலோடும் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வந்து நின்றால் உயிரோடு இருக்கிறார் என்று பதிவு. அமெரிக்காவில் மகனோடு இருந்த ஒரு பெரியவருக்காக அவர் தம்பி கடிதம் கொண்டுவந்து நின்றபோது, முறைப்படி சான்று வராமல் முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதிப்படி சரிதான். ஆனால் அந்தத் தம்பியின் முகம் இப்போது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. இன்றைக்கு நான் இரண்டு அரசாங்கங்களுக்குக் கணக்குக் காட்டுகிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று தமிழ்நாட்டுக்கு வாழ்நாள் சான்று, இங்கேதான் இருக்கிறேன் என்று ஒன்டாரியோவுக்குப் பென்சில் கோடு.

2019 மே மாதம் மகள் எங்கள் இருவரையும் நிரந்தரக் குடியுரிமையில் அழைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது 67. அன்றைய விதிப்படி கார்டு கைக்கு வர மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குத் தனியாரிடம் காப்பீடு வாங்கினோம். எனக்குச் சர்க்கரை, மனைவிக்கு ரத்த அழுத்தம். படிவத்தில் இரண்டையும் எழுதியதும் தொகை ஏறியது. மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் மகள் கீழே நின்று "மெதுவா, மெதுவா" என்பாள். விழுந்தால் யார் கட்டுவது என்ற பயம் அவளுக்கு. 2020 மார்ச்சில், கொரோனா வந்த சமயத்தில், அந்த மூன்று மாதக் காத்திருப்பையே எடுத்துவிட்டார்கள். பத்து மாதம் கழித்து வந்திருந்தால் அந்தப் பணம் மிச்சம். மகள் இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

பச்சை நிற கார்டு, போட்டோ போட்டது, தபாலில் வந்தது. எனக்கு முதலில் எழுந்த கேள்வி கருவூலக்காரனின் கேள்வி: பிடித்தம் எங்கே? தமிழ்நாட்டில் என் ஓய்வூதியத்தில் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். 2022 ஜூலையிலிருந்து அந்தத் தொகை, அதற்கு நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. இன்னொரு பக்கம் மருத்துவப்படி என்று 300 ரூபாய் கொடுக்கிறார்கள். வலது கையால் 300 கொடுத்து இடது கையால் 497 எடுப்பது நமக்குப் பழகிப்போனது, எழுதி வைத்த கணக்கு. இங்கே அப்படி ஒரு வரி எந்தக் காகிதத்திலும் இல்லை. மாப்பிள்ளைதான் தன் வருமான வரிக் கணக்கைத் திறந்து காட்டினார். ஒன்டாரியோ ஹெல்த் பிரீமியம் என்று ஒரு வரி, 2004இல் கொண்டுவந்தது, வருமானத்தைப் பொறுத்து வருடத்துக்கு 900 டாலர் வரை. 20,000 டாலருக்குக் கீழே வருமானம் இருந்தால் ஒன்றுமில்லை. என் கும்பகோணத்து ஓய்வூதியத்தை டாலராக்கினால் அந்தக் கோட்டைத் தொடாது. ஆக எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தம் பூஜ்யம். கட்டுவது மாப்பிள்ளையும், தெருவில் போகிற வருகிற முகம் தெரியாத ஆட்களும். இதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தது வேறு அரசாங்கத்துக்கு.

2022 பிப்ரவரியில் விழுந்தேன். வாசலில் குப்பைத் தொட்டியை இழுத்து வைக்கப் போனேன். தரை ஈரமாக இருப்பது மாதிரித்தான் தெரிந்தது. அது ஈரமில்லை, கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸ். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு திரும்பிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார். சாயங்காலம் நாலரை மணிக்கு அவசரப் பிரிவில் இறக்கினார்கள். ஒரு நர்ஸ் கார்டை வாங்கித் தேய்த்தாள், இடது கையில் காகித வளையம் மாட்டினாள், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். "ஏழு" என்றேன். கும்பகோணத்துப் பழக்கத்தில் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அதற்கான தண்டனை உடனே கிடைத்தது. என்னைவிட மோசமானவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போக, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு எக்ஸ்ரே. அப்புறம் பழையபடி நாற்காலி. பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி, அவர் பேத்தி மடியில் தலை வைத்துத் தூங்கினார். டாக்டர் வந்து எலும்பை இழுத்துச் சேர்த்துக் கட்டுப் போட்டபோது இரவு ஒன்றே கால்.

முடிந்தது, போகலாம் என்றார்கள். நான் எழுந்து நின்று, இடது கையால் பர்ஸை எடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன். ஊரில் கட்டுப் போடுவதற்கு முன்பே ஒருவர் வந்து காதோரமாக "முன்பணம் கட்டிட்டீங்களா சார்?" என்று கேட்டிருப்பார். இங்கே மகளைப் பார்த்தேன். அவள் "வாங்கப்பா" என்றாள். நடைபாதை முழுக்கத் தேடினேன், பணம் கட்டும் இடம் ஒன்றும் கண்ணில் படவில்லை. கடைசியில் வெளிவாசலில் ஒன்று இருந்தது, கார் நிறுத்தியதற்குக் கட்டணம் வாங்கும் இயந்திரம். அதில் மகள் கார்டைச் சொருகினாள். ஐந்து வாரம் கழித்து ஆம்புலன்ஸுக்கு 45 டாலர் கட்டச் சொல்லித் தபால் வந்தது. கார்டு இல்லாதவர்களுக்கு அதுவே 240. அவ்வளவுதான் செலவு.

செலவு அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் அன்றைக்கு மகள் வேலையிலிருந்து பாதியில் வந்தவள். மறுநாள் விடுப்பு. எலும்பு மருத்துவரிடம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் அவள் அரைநாள். என் ஆங்கிலம் அலுவலகக் கடிதத்துக்குப் போதும், டாக்டரிடம் போதாது. மனைவிக்கு அதுவும் கிடையாது. இங்கே நான் கட்டாத பணத்தை மகள் அரைநாள் அரைநாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஓஹிப் எந்தக் காகிதத்திலும் அதை எழுதுவதில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று கட்டுப் போட்ட கையோடு படித்தேன், வேறு வேலை இல்லை. டாமி டக்ளஸ் என்பவர். சின்ன வயதில் காலில் எலும்பு அழுகும் நோய். வீட்டில் பணமில்லாததால் காலை எடுத்துவிட இருந்தார்கள். வின்னிபெக்கில் ஒரு சர்ஜன், மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்த அனுமதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்று சொல்லிக் காப்பாற்றினார். அந்தப் பையன் வளர்ந்து சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வரானார். அவர் தொடங்கிவைத்த மருத்துவத் திட்டம், அவர் பதவியை விட்டுப் போன பிறகு, 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 23 நாள். 1966இல் நாடு முழுவதற்கும் சட்டம். நோயாளியிடம் டாக்டர் மேல்காசு வாங்குவதை அடைத்தது 1984இன் கனடா ஹெல்த் ஆக்ட். சட்டம் என்றால் எனக்குப் பிடிக்கும். முன்பணம் கேட்க ஆள் வராததற்கு ஒரு வருடமும் ஒரு சட்டத்தின் பெயரும் இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

எல்லாம் குடும்ப டாக்டர் வழியாகத்தான். ஊரில் நெஞ்சு படபடப்பு என்றால் நேரே இதய டாக்டரிடம் டோக்கன் போடுவோம். இங்கே அவர் கடிதம் எழுதினால்தான் ஸ்பெஷலிஸ்ட் பார்ப்பார், எப்போது பார்ப்பார் என்பது ஸ்பெஷலிஸ்டின் விருப்பம். எங்களுக்கு யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கிடைத்தது அதிர்ஷ்டம். குடும்ப டாக்டர் கிடைக்காமலே பல பேர் இந்த மாகாணத்தில் இருக்கிறார்கள். அவர் கிளினிக் சுவரில் ஒரு காகிதம்: ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும். எழுபது வயதுக்காரனுக்கு ஒரே பிரச்சினை இருந்தால் அவன் ஏன் டாக்டரிடம் வருகிறான்? முதல் தடவை ஒரு தாளில் ஏழு எழுதிக்கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, முதல் ரெண்டையும் பாப்பம். மிச்சத்துக்குப் பிறகு ஒருக்கா வாங்கோ" என்றார். கருவூலத்தில் பில் பட்டியலை ஆட்சேபணை எழுதித் திருப்புவோமே, அதைவிட மரியாதையான திருப்பல்.

குளிர்காலத்தில் காலை ஏழரைக்கு மாலுக்குள் நடக்கப் போவோம். கடைகள் திறந்திருக்காது, நடைபாதை சூடாக இருக்கும். அங்கே சாவகச்சேரிக்காரர் ஒருவர் பழக்கமானார், ஓய்வுபெற்ற தபால் அதிபர். ஒருநாள் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்து, எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். 45 டாலர் என்றேன். நின்றுவிட்டார்.

"நீங்கள் குடுத்து வைச்ச ஆள், ஐயா. எங்களுக்கு உந்தக் கார்ட் இல்லை. சுப்பர் விசா."

சூப்பர் விசா என்பது பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்கிப்போகும் விசா, அதில் வருகிறவர்களுக்கு ஓஹிப் கிடையாது. குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு, ஒரு வருடத்துக்குத் தனியார் காப்பீடு காட்டினால்தான் விசா. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவருக்கு 74, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். இதயம் சம்பந்தப்பட்டது எதுவும் சேராது என்று எழுதியே கொடுத்த காப்பீடு. "என்ரை நெஞ்சை விட்டிட்டு மிச்ச எல்லாத்துக்கும் காசு குடுப்பினம்" என்று சிரித்தார். அவரும் நானும் ஒரே மாலில் ஒரே வேகத்தில்தான் நடக்கிறோம். பெற்றோரை நிரந்தரமாக அழைப்பதற்கு இங்கே குலுக்கல் மாதிரி ஒரு முறை, என் மகள் பெயர் விழுந்தது, அவர் மகன் பெயர் விழவில்லை. அன்றைக்குப் பிறகு செலவுக் கணக்கை அவரிடம் பேசுவதை விட்டுவிட்டேன்.

மருந்து விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. 65 தாண்டியவர்களுக்கு மாகாணம் மாத்திரைக்குப் பணம் கொடுக்கிறது. வருமானம் குறைவு என்று மனுப் போட்டால் ஒரு சீட்டுக்கு 2 டாலர் வரைதான். எங்கள் மருந்துக்கடைக்காரர் அதையும் கேட்பதில்லை. வருமானம் கூடியவர்களுக்கு முதல் 100 டாலர் கையிலிருந்து, அதற்குமேல் ஒவ்வொரு தடவைக்கும் 6 டாலர் 11 காசு வரை. கண் பரிசோதனை இலவசம், கண்ணாடி இல்லை. பல்லுக்கு 2024இல்தான் மத்திய அரசின் திட்டம் வந்தது. அதற்கு வருடா வருடம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், கும்பகோணத்து ஓய்வூதியத்தையும் சேர்த்துக் காட்டி. முதியோர் உதவித்தொகை மட்டும் பத்து வருடம் இங்கே வாழ்ந்தபிறகுதான். எனக்கு 2029. அதுவரை கையில் இருப்பது பச்சைக் கார்டும் பிள்ளை வீட்டுச் சோறும்.

சரி, முட்டிக்கு வருகிறேன். மனைவியின் வலது முட்டி.

2022 கடைசியில் எக்ஸ்ரே. தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று குடும்ப டாக்டர் கடிதம் எழுதினார். ஐந்து மாதம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் நடக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, மார்க் போட்டார். அடுத்த ஏழாம் மாதம் சர்ஜன் பார்த்தார், பன்னிரண்டு நிமிடம். பட்டியலில் சேர்க்கிறேன், கூப்பிடுவோம் என்றார். எப்போது? தெரியாது. இதற்கிடையில் அவள் மாடிக்குப் போகிற பதின்மூன்று படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறப் பழகிவிட்டாள்.

ஊரிலிருந்து ஆளாளுக்குப் போன். "இங்க வாங்க, பத்து நாள்ல முடிச்சுடலாம்" என்று மச்சான். பத்து நாளில் முடியும்தான், பொய்யில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் யார் கூட இருப்பது? இரண்டு பிள்ளைகளும் வெளிநாடு. என் 497 ரூபாய்த் திட்டத்தில் எவ்வளவு வரும், மிச்சத்துக்கு மகள் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அவள் அம்மா தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். "அவ ஏற்கனவே கட்டுறா. வரட்டும், காத்திருப்போம்."

ஆனால் டிசம்பரில் ஊருக்குப் போனோம். தம்பி மகள் கல்யாணம், தையில். கிளம்புவதற்கு முன் காலண்டரில் எண்ணினேன். தொண்ணூற்றைந்து நாள் வெளியே இருந்தாலும் 153க்கு ஆபத்தில்லை. பயணக் காப்பீடு எடுப்பதில்தான் சிக்கல். சர்க்கரையோடு எனக்கும் ரத்த அழுத்தம் சேர்ந்திருந்தது, அக்டோபரில் டாக்டர் அதற்கான மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். மருந்து மாறி 90 நாள் ஆகாததால் உடல்நிலை நிலையாக இல்லை, இதயம் சம்பந்தப்பட்டதற்குப் பணம் வராது என்றார்கள். அக்டோபரில் டாக்டரிடம் அந்தப் பிரச்சினையைச் சொல்லாமல் மூன்றாவது இடத்தில் எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது.

கும்பகோணத்தில் எனக்கு நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை. மூத்திரத் தொற்று, குளிர்க்காய்ச்சல். இரண்டு நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்தேன். ஓய்வூதியர் அட்டையைக் காட்டினேன். பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது செல்லும், காய்ச்சலுக்குச் செல்லாது. 38,000 ரூபாய். பயணக் காப்பீட்டில் நாங்கள் முதலில் தாங்க வேண்டிய தொகையே அதைவிட அதிகம். மகள் போனில், "பில்லை வாங்கி வைங்கப்பா, ஓஹிப்புக்கு அனுப்பிப் பார்க்கலாம்" என்றாள்.

வெளிநாட்டில் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஓஹிப் கொஞ்சம் கொடுக்கும். சாதாரண வார்டுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் வரை, தீவிர சிகிச்சை மாதிரியானவற்றுக்கு 400. அமெரிக்காவில் அது பஞ்சுக்குக்கூடப் போதாது. 2020 ஜனவரியில் ஒன்டாரியோ அரசு இதையும் நிறுத்தியது. குளிருக்கு ஃபுளோரிடாவுக்குப் பறந்துபோகும் ஓய்வூதியர்களின் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது, அதே வருடம் நீதிமன்றம் அரசின் முடிவை ரத்து செய்தது. கடற்கரையில் கோல்ஃப் ஆடுகிற அந்தத் தாத்தாக்கள் ஜெயித்த வழக்கு கும்பகோணத்தில் காய்ச்சலில் கிடந்த எனக்கு உதவுகிறது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

பில் வாங்கப் போனேன். "சிகிச்சைக் கட்டணம் 38,000" என்று ஒரே வரி. நான் பார்க்காத பில்லா? இப்படி ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே திரும்பியிருக்கும். பிரித்து எழுதிக் கொடுங்கள், அறை வாடகை தனி, டாக்டர் தனி, மருந்து தனி, ஆங்கிலத்தில், கையெழுத்து முத்திரையோடு என்றேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்கு சார், டிஸ்கவுண்ட் வேணுமா?" என்று கேட்டாள். மூன்று நடை நடந்தேன். திரும்பி வந்து அனுப்பினோம், இரண்டு நாளுக்கு 400 டாலர் வந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வாழ்க்கையில் ஆட்சேபணை இல்லாமல் பாஸ் ஆன என் முதல் பட்டியல்.

அந்தக் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால்தான் சர்ஜன் அலுவலகத்திலிருந்து மகளுக்குப் போன். ஒருவர் ரத்து செய்துவிட்டார், இன்னும் பன்னிரண்டு நாளில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறீர்களா? கூடத்தில் பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது. மனைவி கையில் மருதாணி. ஸ்பீக்கரில் மகள் அழாக்குறையாகப் பேசினாள். "அம்மா, விட்டா இன்னும் எத்தனை மாசமோ." நான் டிக்கெட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று மனதுக்குள் கூட்ட ஆரம்பித்தேன். மனைவி முட்டியைத் தடவிக்கொண்டே, "வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. அவங்களுக்கும் வலிக்கத்தானே செய்யும்" என்றாள். அது பெருந்தன்மையா, கல்யாணத்தை விட மனசில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

அடுத்த அழைப்பு வர எட்டு மாதம் ஆனது. 2024 செப்டம்பரில் ஆபரேஷன். காலை ஆறு மணிக்குச் சேர்த்தோம், மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் சொன்னால் யாரும் நம்பவில்லை. "ஒரே நாள்ல துரத்திட்டாங்களா?" என்று மச்சான் கேட்டார். வீட்டுக்கு நர்ஸ் வந்தாள், பிசியோதெரபிக்குப் போனோம். எல்லாவற்றுக்கும் பச்சைக் கார்டு. மருத்துவமனையில் கட்டிய பணம் கார் நிறுத்தியதற்கு மட்டும். இந்தத் தடவை நான் பர்ஸை எடுக்கவில்லை, நேரே இயந்திரத்திடம் போய் நின்றேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுதான் தெரியவில்லை.

மகள் மூன்று வாரம் விடுப்பு எடுத்தாள். அதில் ஒரு வாரம் சம்பளமில்லாதது. அவள் சொல்லவில்லை, மாப்பிள்ளை வாய்தவறிச் சொன்னார்.

இப்போது மனைவி பதின்மூன்று படியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறாள். நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு காலண்டரின் பழைய தாள்களைப் புரட்டி எண்ணினேன். இந்த வருடத்தில் 171 கோடு ஏற்கனவே ஆகிவிட்டது, டிசம்பருக்குள் இன்னும் கூடும். "டிசம்பர்ல கிளம்பலாம் போல இருக்கே. மூணு மாசம் இருந்துட்டு வரலாம்" என்றேன்.

பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "இருங்க, இடது முட்டியைக் கேட்டுட்டுச் சொல்றேன்."